அக்கா மகன் ஆடும் மேட்சுக்கு விசில் ஊதலாமா?

மதுரையில் சிறுவர் கால்பந்து நடக்கிற எந்த மைதானத்துக்குப் போனாலும், விசிலோடு நிற்பவர் யாரோ ஒருவருக்கு வேண்டியவராகத்தான் இருப்பார். ரேஸ்கோர்ஸ் மைதானம், அரசரடி ரயில்வே மைதானம், திருமங்கலம் பக்கம் கருவேலஞ்செடியை வெட்டிவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்ட பொட்டல் என்று எங்கே போனாலும் இதே நிலைதான். ஊதத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கொஞ்சப் பேரும் ஒரு காலத்தில் இங்கேயே ஆடியவர்கள். ஒருவர் பள்ளியில் பி.டி. சார், இன்னொருவர் சாயங்காலம் அகாடமியில் பயிற்சி கொடுப்பவர், இன்னொருவருக்குத் தம்பி மகன் ஏதோ ஒரு டீமில் லெஃப்ட் விங். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊதப் போகிறவன். எனக்கும் அக்கா மகன் இருக்கிறான், ஆட்டம் சொல்லிக்கொடுத்த கோச் இருக்கிறார், எங்கள் தெருப் பையன்களின் டீம் ஒன்று இருக்கிறது. சம்பந்தமே இல்லாத நடுவர்தான் வேண்டும் என்றால் இந்த ஊரில் பாதி மேட்ச் நடக்காது. சம்பந்தம் இருக்கும்போது என்ன செய்வது என்று எங்களுக்குள் பேசுவதும் குறைவு. பேச்சை எடுத்தாலே, “என்ன, என்னையச் சந்தேகப்படுறீங்களா?” என்று எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுகிறது.

யாரையும் சந்தேகப்பட்டு இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்த நடுவர்களில் வேண்டுமென்றே தப்பாக ஊதுகிறவர் அநேகமாகக் கிடையாது. நான் யோசிப்பது தோற்றுப்போன பையனைப் பற்றி. 13 வயதுப் பையன் ஒருவன் “நாம சரியா ஆடல” என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் பயிற்சிக்கு வந்துவிடுவான். “ரெஃப்ரி அவங்க ஆளு” என்று நினைத்துக்கொண்டு போனால் வரமாட்டான். வந்தாலும் முன்பு மாதிரி ஓடமாட்டான். அந்த நினைப்பு ஒருதரம் விழுந்துவிட்டால், நடுவர் எவ்வளவு யோக்கியர் என்று கோச் தொண்டை வறளச் சொன்னாலும் போகாது. அதனால் சொல்ல வேண்டியதை முதல் விசிலுக்கு முன்பே, இரண்டு டீமும் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். மேட்ச் முடிந்து வெளியே தெரிய வந்தால் அதற்குப் பெயர் விளக்கம் இல்லை, சமாதானம்.

இந்த விளையாட்டு நடுவர் கையில் கொடுத்திருக்கிற அதிகாரம் அப்படி. கால்பந்துக்கு விதிகள் மொத்தம் 17. அதில் 5-வது விதி நடுவரைப் பற்றியது. கோலா இல்லையா என்பது வரை, ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி அவர் எடுக்கும் முடிவே இறுதி என்கிறது அது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், தான் கொடுத்த முடிவு தப்பு என்று தெரிந்தாலும் அவராலேயே அதை மாற்ற முடியாது. டிவியில் பார்க்கிற மேட்சுக்காவது ரீப்ளே பார்க்க ஆள் இருக்கிறார்கள். நம் பொட்டலில் யார் இருக்கிறார்கள்?

பெரிய லீக்குகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக் நடுவர்கள் தாங்கள் எந்தக் கிளப்பின் ரசிகர் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மைக்கேல் ஆலிவர் அங்கே முன்னணி நடுவர், நியூகாசில் ரசிகர். நியூகாசில் ஆடும் மேட்சுக்கு அவரைப் போடுவதில்லை. பக்கத்து ஊர்ப் பரம வைரியான சண்டர்லாந்து ஆடும் மேட்சுக்கும் போடுவதில்லை. பிடித்த டீம் எப்படி ஒரு சம்பந்தமோ, பிடிக்காத டீமும் அப்படித்தான் என்று புரிந்து வைத்திருக்கிறார்கள். ஸ்பெயினில், நடுவர் குழுவின் துணைத் தலைவராக இருந்தவருடைய கம்பெனிக்கு பார்சிலோனா கிளப் பல வருடங்கள் பணம் கொடுத்துவந்தது 2023-ல் வெளியே வந்தது. நடுவர்களைப் பற்றிய அறிக்கைகளுக்காகக் கொடுத்தோம், வேறொன்றும் இல்லை என்று கிளப் சொன்னது. இருக்கட்டும். ஆனால் அந்த வருடங்களில் அந்த கிளப்பிடம் தோற்ற ஒவ்வொரு டீமும் பழைய மேட்சுகளை மறுபடி நினைத்துப் பார்க்கும்தானே? சொல்லாமல் வைத்ததன் விலை அது.

நம் ஊரில் இதற்கெல்லாம் என்ன பெரிய மதிப்பு, சின்னப் பையன்கள் ஆட்டம்தானே என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சின்னப் பையன்களின் வீடுகளில் போய்க் கேட்க வேண்டும். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் ஜெயித்தால் மாவட்டம், மாவட்டத்தில் நன்றாக ஆடினால் அதற்கு மேலே. அங்கே கிடைக்கிற சர்டிஃபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டாக மாறும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வேறு இருக்கிறது. செல்லூரில் தறி ஓட்டுகிற அப்பாவும், பூ கட்டி விற்கிற அம்மாவும் காலை ஆறு மணிக்கு டச் லைனில் வந்து நிற்பது பொழுதுபோக்குக்காக இல்லை.

குறுவட்டப் போட்டிகளில்தான் இந்தச் சிக்கல் பச்சையாகத் தெரியும். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று பிரித்து நடத்துவார்கள். டீமைக் கூட்டி வருவதும் பி.டி. சார், நடத்துவதும் பி.டி. சார், ஊதுவதும் பி.டி. சார். தன் பள்ளி ஆடும் மேட்சைத் தானே ஊதுவதை இப்போது பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். அது போதும் என்றும் நினைத்துவிடுகிறார்கள். போதாது.

ஒருமுறை அரையிறுதி நாளில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்கப் போயிருந்தேன். முதல் அரையிறுதியில் ஒரு பள்ளி ஜெயித்து ஃபைனலுக்குப் போய்விட்டது. அந்தப் பள்ளி பி.டி. சார்தான் அங்கே இருந்தவர்களிலேயே விதி நன்றாகத் தெரிந்தவர். இரண்டாவது அரையிறுதியை அவரே ஊதினார். தன் பள்ளி ஆடவில்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒரு டீமுக்கு உயரமான சென்டர் ஃபார்வர்டு ஒருவன். அன்றைக்கு அந்த மைதானத்திலேயே அவன்தான் நல்ல ஆட்டக்காரன். முதல் பாதியில் ஒரு மஞ்சள் கார்டு வாங்கியிருந்தான். இரண்டாவது பாதியில் இவனுக்கு எதிராக ஃப்ரீ கிக் ஊத, கோபத்தில் பந்தைத் தூர உதைத்துவிட்டான். ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால் மஞ்சள். இரண்டாவது மஞ்சள், அப்புறம் சிவப்பு. விதிப்படி குறை சொல்ல முடியாது. நான் ஊதியிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பத்துப் பேரோடு ஆடியும் அவன் டீமே ஜெயித்தது. ஆனால் சிவப்பு வாங்கியவன் அடுத்த மேட்ச் ஆட முடியாது. அடுத்த மேட்ச் ஃபைனல். எதிரில் அந்த பி.டி. சாரின் பையன்கள்.

கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவர்கூட விதியைப் பேசவில்லை. “ஃபைனலுக்கு முன்னாடியே முடிச்சு விட்டுட்டாருப்பா” என்று ஒரு பெரியவர் சொன்னது எனக்கே கேட்டது. அந்தப் பையன் ஜெர்சியைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கோல் போஸ்ட் பக்கம் உட்கார்ந்துவிட்டான். ஃபைனலில் சார் பள்ளியே ஜெயித்தது. ஜெயித்த பையன்களிடமும் கேலிப் பேச்சு வந்தது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? சரியாக ஊதிய ஒரு கார்டு இரண்டு பள்ளிப் பையன்களுக்கும் கசந்தது. காரணம் அந்த விசில் அந்தக் கையில் இருந்ததுதான்.

அதிலிருந்து நான் எப்போதும் கேட்பது இரண்டு கேள்வி. யார் ஆடுகிறார்கள் என்பது ஒன்று. இந்த மேட்சின் முடிவுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அரையிறுதியில் அது ஃபைனலுக்குப் போன டீம். லீக் முறை என்றால் அதே குரூப்பில் கோல் வித்தியாசத்துக்காகக் காத்திருக்கிற டீம். இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. குலுக்கல் போட்டு அட்டவணை எழுதும் அதே கூட்டத்தில், ஒவ்வொரு மேட்சுக்கும் எதிரில் நடுவர் பெயரையும் எழுதிவிட வேண்டும். யார் எந்தச் சுற்றில் ஜெயிப்பார் என்று தெரியாதபோது எழுதிய பெயருக்கு உள்நோக்கம் கற்பிக்க முடியாது. ‘ஏ’ குரூப் மேட்சுகளை ‘பி’ குரூப் சார்கள் ஊதட்டும், ‘பி’ குரூப்பை இவர்கள். அரையிறுதி, ஃபைனலுக்கு மட்டும், முன்பே தோற்று வெளியே போன பள்ளிகளின் சார்களுக்கு விசில் என்று அப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம். அதிலும் ஒன்று பார்க்க வேண்டும். காலையில் எந்த டீமிடம் தோற்றாரோ, மதியம் அதே டீமின் மேட்சை அவரிடம் கொடுக்கக் கூடாது. மனிதர்தானே.

இப்போது என் அக்கா மகன் விஷயம். வில்லாபுரம் பக்கம் ஒரு டீமில் 8-ம் நம்பர் போட்டுக்கொண்டு ஆடுகிறான். பொங்கல் சமயத்தில் ஒரு போட்டிக்கு ஊதக் கூப்பிட்டார்கள். யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது எந்தெந்த டீம், எந்த வயது, யார் நடத்துகிறார்கள், யார் கோச். அன்றைக்கும் கேட்டேன். இவன் டீமுக்கும் மேலூர் பக்கத்து டீம் ஒன்றுக்கும் மேட்ச். நடத்துபவரிடம் விஷயத்தைச் சொன்னதும், “உங்களப் பத்தித் தெரியாதாண்ணே, நீங்க ஊதுங்க, ஒண்ணும் பிரச்சினை வராது” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சம்மதத்தைக் கொடுக்க வேண்டியவர் அவர் இல்லை. மேலூர்க்காரர்கள்.

அவர்கள் வேனை விட்டு இறங்கியதும் தனியாகப் போய் அந்தக் கோச்சிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். நடுவர் ஒரு டீமோடு தனியாக நின்று பேசுவதை இன்னொரு டீம் தூரத்தில் இருந்து பார்க்கும். பேசுவது என்னவென்று அதற்குக் கேட்காது. டாஸ் போடுவதற்கு முன்பு இரண்டு கோச்சையும் இரண்டு கேப்டனையும் நடு வட்டத்துக்குக் கூப்பிட்டேன். “இந்த டீம்ல எட்டாம் நம்பர் என் அக்கா மகன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லுங்க, நான் கொடி பிடிக்கிறேன், கொடி பிடிக்கிற தம்பி ஊதட்டும். ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்” என்றேன். மேலூர் கோச் கொஞ்சம் யோசித்தார். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. தோத்துட்டா பயலுக கேப்பாங்கெ, அப்ப நான் என்ன சொல்றது?” என்றார். விசிலைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கொடியை வாங்கிக்கொண்டேன். எல்லாம் டாஸ் போடுவதற்குள் முடிந்துவிட்டது.

வேறு இடங்களில் “பரவால்ல சார், நீங்களே ஊதுங்க” என்று சொன்ன கோச்சுகளும் உண்டு. அப்படிச் சொன்னால் மேட்ச் ஷீட்டில் ஒரு வரி எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். அக்கா மகன் மாதிரி நெருங்கின உறவு இல்லாதபோது மட்டும்தான் இது. சொந்தப் பிள்ளை, கூடப் பிறந்தவர்களின் பிள்ளை, நான் பயிற்சி கொடுக்கிற டீம், எனக்கு மாதச் சம்பளம் தருகிற பள்ளி அல்லது அகாடமி என்றால், இப்போதெல்லாம் போனிலேயே மறுத்துவிடுகிறேன். வேறு ஆளே இல்லை, மேட்ச் நின்றுவிடும் என்றால்தான் நடு வட்டத்துக் கூட்டம். பழைய மாணவன், ஒரே தெரு, ஒரு காலத்தில் நான் ஆடிய கிளப் போன்றவற்றைச் சொல்லிவிட்டு ஊதலாம். முகம் தெரியும், வணக்கம் சொல்லுவார் என்கிற அளவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் மதுரையில் மேட்ச் தொடங்க மத்தியானம் ஆகிவிடும். எங்கே கோடு போடுவது என்று குழப்பமாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைத்துப் பார்ப்பேன்: தோற்ற கோச்சுக்கு இது நாளைக்குத் தெரிய வந்தால், “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே” என்பாரா? என்பார் என்று பட்டால் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு ராத்திரி அக்காவிடமிருந்து போன். “ஏன்டா, ஊரே உன்ன நம்புது. தாய்மாமன் ஊதுறான்னு பிள்ளை எவ்வளவு ஆசையா இருந்தான். நீ என்னமோ கொடியப் பிடிச்சுட்டு ஓரமா நின்னியாமே” என்று ஒரே கோபம். இது சாதாரண விஷயம் இல்லை. நம் குடும்பங்களில் தாய்மாமன் முறைக்கு ஒரு கனம் இருக்கிறது. காதுகுத்தில் இருந்து கல்யாணம் வரை முன்னால் நிற்க வேண்டியவன், மைதானத்தில் மட்டும் ஒதுங்கிப் போனால் வீட்டுக்காரர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ஊதும் வேலைக்கு வருகிறவர்கள் இந்தப் பேச்சை வீட்டில் முன்பே பேசி வைத்துவிடுவது நல்லது. நான் ஒதுங்கியது அவன் போடுகிற கோலை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக. அக்காவுக்கு அதை இப்படித்தான் சொன்னேன். பாதி சமாதானம் ஆனாள்.

அவன் நலனுக்கு ஒதுங்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் யோசிப்பதில்லை. எனக்குத் தெரிந்த மூத்த நடுவர் ஒருவர், மிகவும் நேர்மையானவர். ஒரு போட்டியில் ஆள் கிடைக்காமல் தன் மகன் ஆடும் மேட்சைத் தானே ஊதினார். மகன் ஸ்டாப்பர், பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, தோளோடு தோள் மோதிப் பந்தை எடுத்ததற்கு ஃபவுல் கொடுத்து மஞ்சளும் காட்டினார். அது ஃபவுலே இல்லை. அப்புறம் ஒருமுறை ஜெர்சியைப் பிடித்து இழுத்தான், இரண்டாவது மஞ்சள். வேறு பையனாக இருந்தால் அந்த முதல் கார்டு வந்திருக்காது. அந்தப் பையன் வாக்குவாதம் செய்யவில்லை. வெளியே வந்து, குனிந்து ஷின் கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கேப்டன்தான் மேட்ச் முடிந்ததும் கேட்டான்: “சார், அவன் உங்க பையன்ங்கிறதாலதான கார்டு? நாங்க பத்துப் பேரு என்ன சார் பண்ணோம்?”

வெளியே நின்றவர்கள், “பாரு, பெத்த பிள்ளைன்னுகூடப் பார்க்கல” என்று அவரைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் உடன்பாடு இல்லை. தன் நேர்மையைக் காட்ட ஒரு பிள்ளையை உபயோகப்படுத்தினால் அதுவும் அநியாயம்தான். வேண்டியவனுக்குச் சாதகமாக ஊதுவதைப் போலவே, வேண்டியவன் என்பதற்காகவே கடுமையாக ஊதுவதும் சம்பந்தத்தின் வேலைதான். அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்பது எனக்கு நிச்சயம். அதனால்தான் இது மன உறுதியால் சமாளிக்கிற விஷயம் இல்லை என்கிறேன்.

மனம் நமக்குத் தெரியாமலே சாயும் என்பதை ஆராய்ச்சி செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஸ்பெயின் லீக் மேட்சுகளை எடுத்துக்கொண்டு பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. சொந்த ஊர் டீம் ஒரு கோல் பின்தங்கி இருந்தால் நடுவர்கள் கூடுதல் நேரத்தை நீட்டினார்கள், ஒரு கோல் முன்னால் இருந்தால் சீக்கிரம் முடித்தார்கள். இங்கிலாந்தில் 2002-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தகுதி பெற்ற நடுவர்களுக்கு ஒரே மேட்சின் மோதல்களை வீடியோவில் காட்டினார்கள். சிலருக்கு ரசிகர் கூச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். கூச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் டீமுக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல் 15 சதவீதத்துக்கும் மேல் குறைவு. இவர்கள் யாரும் காசு வாங்கியவர்கள் இல்லை.

ஆகவே மனம் சாயக்கூடிய இடங்களை மேட்சுக்கு முன்பே முடிந்த அளவு அடைத்துவிடுவது என் பழக்கம். கூடுதல் நேரம் எவ்வளவு என்பதைப் பாதி முடியும்போது இரண்டு பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிடுவேன். சொன்னதை அப்புறம் குறைக்க மாட்டேன். அடுத்தது தண்ணீர். மதுரை வெயிலில் பையன்களுக்குத் தண்ணீர் இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும், விதியும் அனுமதிக்கிறது. ஆனால் முன்னால் இருக்கிற டீம்தான் பெரும்பாலும் தண்ணீர் கேட்கும். எந்த நிமிடம் என்பதை டாஸ் போடும்போதே சொல்லிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

லைன்ஸ்மேனுக்கு ஆள் இல்லாதபோது ஒவ்வொரு டீமில் இருந்தும் ஒருவரைக் கொடியோடு நிறுத்துவோம். சப்ஸ்டிட்யூட் பையனாக இருப்பான், அல்லது யாராவது ஒரு அப்பா. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்குங்கள், ஆஃப்சைடு என் பாடு. தன் மகன் கோல் அடிக்க ஓடும்போது ஆஃப்சைடு கொடி தூக்கு என்று ஒரு தகப்பனிடம் கேட்பது அவருக்கும் கொடுமை. உதவி நடுவர் முறைதவறி நடந்தால் அவரை நீக்கிவிட்டு அறிக்கை கொடுக்க நடுவருக்கு விதி 6 இடம் தருகிறது. சின்னப் பையன்கள் மேட்சில் அதுவரை போகாமல் இருக்க, சங்கடமான வேலையை முதலிலேயே கொடுக்காமல் இருப்பதே நல்லது.

டீ, சாப்பாடு, கவர். எல்லாப் போட்டியிலும் இருக்கிற இந்த மூன்றையும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நினைவுக் கோப்பைகள் பலவற்றில் நடத்துகிறவருக்கும் ஒரு டீம் இருக்கும். கோப்பை வாங்கிக் கொடுத்தவரின் மகன் அதே டீமில் ஆடுவான். ஃபைனல் முடிந்ததும் அவர் கையாலேயே நடுவருக்குக் கவர். சில இடங்களில் ஜெயித்த டீமின் மேனேஜர் தனியாக வந்து, “சந்தோஷமா வச்சுக்கங்க சார்” என்று சட்டைப் பையில் செருகப் பார்ப்பார். ஒரு இடத்தில் எனக்கு நடந்தது வேறு மாதிரி. நடத்திய டீம் தோற்றுவிட்டது, பேசிய பணத்தில் பாதிதான் வந்தது. கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. இதற்கு நான் கண்ட வழி, நடுவர் பணத்தை டீம்களின் நுழைவுக் கட்டணத்தில் இருந்தே ஒதுக்கச் சொல்லி, முதல் மேட்ச் தொடங்கும் முன்பே வாங்கிவிடுவது. கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும். டீயும் பரோட்டாவும் மேடைப் பக்கம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் சாப்பிடுவேன். ஒரு டீமின் பந்தலுக்குள் போய் உட்கார மாட்டேன். தெரிந்த கோச்சின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மைதானத்துக்கு வந்து இறங்குவதும் கிடையாது. பஸ் இல்லாத ஊராக இருந்தால் நடத்துகிறவரிடம் சொல்லிவிடுவேன், ஏற்பாடு செய்துவிடுவார்.

இன்னொன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். இளம் நடுவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சனிக்கிழமை ஒரு அகாடமி ஜெயித்ததற்கு நெருப்புப் படம் போட்டு வாழ்த்திவிட்டு, ஞாயிறு அந்த அகாடமி மேட்சை ஊத வருவார்கள். அதை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். ஜெயித்த டீமோடு கோப்பையைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்வதையும் விட்டுவிடலாம்.

ஊர்ப் பக்கம் போனால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். “சாருக்கு எந்த ஊரு?” சொன்னால், “அங்க எந்தத் தெரு? யாரு வகையறா?” என்று நீளும். கேட்கிறவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். நம் ஊரில் டீம்கள் தெருவாகவும் ஊராகவும்தான் சேருகின்றன, தெருவும் ஊரும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, “மேட்ச் எத்தனை மணிக்கு அண்ணே?” என்று பேச்சை மாற்றிவிடுவேன். உறவைச் சொல்வது என் கடமை, சாதியைச் சொல்வது கடமை இல்லை. அதைச் சொன்னால் ஒரு பக்கம் உரிமை கொண்டாடும், இன்னொரு பக்கம் சந்தேகப்படும். இரண்டுமே அந்தப் பிள்ளைகளுக்குத் தேவையில்லாத பாரம். சங்கத்துக்குக் கொடுக்கும் விவரத்தில் அந்தக் கட்டம் இருக்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இவ்வளவு பார்த்தா ஊத ஆளே கிடைக்காதுண்ணே” என்று நடத்துகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பதில் ஆட்களைக் கூட்டுவதுதான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் திண்டுக்கல் எவ்வளவு தூரம்? ஃபைனல் நாளில் மட்டுமாவது அங்கிருந்து இரண்டு பேரை வரவழைத்து, அவர்கள் ஃபைனலுக்கு இங்கிருந்து இரண்டு பேர் போய்வரலாம். பஸ் காசும் சாப்பாடும்தான் செலவு. கோப்பையின் உயரத்தில் அரை அடி குறைத்தால் அது வந்துவிடும்.

பெண் பிள்ளைகள் மேட்சில் நிலைமை இன்னும் மோசம். பயிற்சி கொடுக்கிற ஒரே ஆள்தான் ஊதுகிறவரும். ஆனால் நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் ரூபா தேவி, இந்தியாவுக்கு ஆடியவர், 2016-ல் ஃபிஃபா நடுவர் ஆனார். தமிழ்நாட்டில் இருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண். பிளஸ் டூ முடித்ததும் ஆட்டத்தை விட்டுவிடுகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, ஒரு விசிலும் விதிப் புத்தகமும் கொடுத்து, முதலில் 12 வயதுக்கு உட்பட்டவர்கள் மேட்சில் கொடி பிடிக்க வைக்கிறோம். வீட்டில் விடமாட்டார்கள் என்று தயங்கியவர்களின் அம்மாக்களையும் மைதானத்துக்கு அழைத்துவந்து காட்டினோம். சிலர் இப்போது தனியாகவே ஊதுகிறார்கள். அவர்களுக்கு எந்தக் கோச்சோடும் பழைய கணக்கு எதுவும் இல்லை.

எங்கள் நடுவர்கள் கூட்டத்தில் இந்த சீசனில் இருந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் தானே எழுத வேண்டும்: எந்தப் பள்ளியில் அல்லது அகாடமியில் வேலை, எந்த டீமில் உறவுப் பிள்ளைகள், எந்த டீமோடு போன வருடம் தகராறு. மேட்சுக்கு ஆள் போடுகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்ய வேண்டும். முதலில் எழுதத் தயங்கினார்கள். மூத்தவர் ஒருவர் நோட்டை வாங்கி, முதல் வரியாகத் தன் மகன் ஆடும் டீமின் பெயரை எழுதினார். அப்புறம் மற்றவர்களும் எழுதினார்கள். தகராறுக் கட்டம் மட்டும் இன்னும் பலர் பக்கத்தில் காலியாகவே இருக்கிறது, அதை நிரப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.